பிறப்பிட விதி மாறினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? சித்தூர் மாங்கூழ் முதல் ஸ்ரீசிட்டி ஏ.சி. வரை

திருப்பதி: 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை கடுமையாகச் சரிந்தபோது, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பிற மாநிலங்களில் விளைந்த தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்பதே அதன் சாரம். கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைகளில் உள்ள சோதனைச் சாவடிகளில் லாரிகள் நிறுத்தப்பட்டன. கோலார் பகுதி விவசாயிகள் பாதிக்கப்படுவதாகக் கூறி கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மாநில அரசு 4 ரூபாய் சேர்த்து விவசாயிக்கு 12 ரூபாய் கிடைக்கச் செய்யும் என்பது ஆந்திர அரசு வகுத்த ஏற்பாடு. அந்த 4 ரூபாய் வெளிமாநிலப் பழத்துக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை உத்தரவின் பின்னணியில் இருந்தது.

தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் இந்தப் பழத்தைப் பார்த்து, இது பங்காருபாளையத்தில் காய்த்ததா, கிருஷ்ணகிரியில் காய்த்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. லாரியில் உள்ள காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். சலுகை ஒன்று உள்ளூர்ப் பொருளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்ட உடனேயே, 'உள்ளூர்ப் பொருள் எது' என்ற கேள்வி எழுகிறது. நாடுகளுக்கு இடையே இதே கேள்விக்குப் பதில் சொல்பவைதாம் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' எனப்படும் பிறப்பிட விதிகள். தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் வரி விகிதங்களைப் போல இவை தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஆனால் வரிச் சலுகை யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

விதிகள் சொல்வது என்ன?

ஒரு நாட்டிலேயே விளைந்த, வெட்டியெடுத்த, பிடித்த பொருள்கள் 'முழுவதும் பெறப்பட்டவை' எனக் கருதப்படும். சித்தூரின் மாம்பழம், குப்பம் பகுதியின் கருங்கல் ஆகியவற்றுக்கு இதில் சிக்கல் இல்லை. இறக்குமதி செய்த உதிரிப்பாகங்களைக் கொண்டு தயாரிக்கும் பொருள்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, பொருளின் விலையில் குறிப்பிட்ட சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவான மதிப்பாக இருக்க வேண்டும். மற்றொன்று, உள்ளே வந்த மூலப்பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணும் வெளியே போகும் பொருளின் எண்ணும் வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு அத்தியாய அளவில், அதாவது முதல் 2 இலக்கத்தில் வேண்டுமா, 4 இலக்கத்தில் வேண்டுமா, 6 இலக்கத்தில் இருந்தாலே போதுமா என்பதில் பேச்சுவார்த்தைகள் மாதக்கணக்கில் இழுபடுவது உண்டு.

2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா - ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பொது விதி, 35 சதவீத மதிப்புச் சேர்ப்பும் 6 இலக்க மாற்றமும் ஒருசேர வேண்டும் என்கிறது. இந்த எண்கள் தரையில் எப்படிப் பொருள்படுகின்றன என்பதைத் திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் நன்றாகக் காணலாம்.

ஒரே பொருள், இரண்டு முடிவுகள்

சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று இது நாட்டின் முக்கிய ஏ.சி. உற்பத்தி மையங்களுள் ஒன்று. ஜப்பானின் டைகின் நிறுவனம் 2023 நவம்பரில் இங்கு ஆலையைத் திறந்தது. புளூ ஸ்டார் ஆலையும் இங்கு இயங்குகிறது. எல்.ஜி. நிறுவனம் 2025 மே மாதம் 5,001 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது.

ஏ.சி.யின் சுங்கத் தலைப்பு 8415. கம்ப்ரசரின் தலைப்பு 8414. ஏ.சி.க்கென்றே செய்யப்பட்ட பிற பாகங்கள் பல 8415 90 என்ற துணைத் தலைப்பில் வரும். முழுமையான சுவர் ஏ.சி. 8415 10இல் வரும். இப்போது, மூன்றாம் நாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்து ஒரு ஆசியான் நாட்டில் பொருத்தி இந்தியாவுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 6 இலக்க மாற்றம் போதும் என்றால் 8415 90இலிருந்து 8415 10 என்பது மாற்றமே, சோதனையில் தேறிவிடும். 4 இலக்க மாற்றம் வேண்டும் என்றால் இரண்டும் 8415தான்; தேறாது. ஆலையில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், காகிதத்தில் இரண்டு இலக்கத்தை மாற்றினால் ஒரே பொருள் ஒரு நாள் 'தாய்லாந்துப் பொருள்', மறுநாள் 'பிறப்பிடம் இல்லாத பொருள்'. இந்தியாவில் ஏ.சி.க்கான அடிப்படைச் சுங்க வரி 2018 செப்டம்பரில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எனவே இந்த இரு இலக்கத்தின் விலை சிறியதன்று.

பேட்டரியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. திருப்பதியில் முனோத் நிறுவனத்தின் லித்தியம் அயன் செல் ஆலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. லித்தியம் அயன் செல்லும், செல்களை அடுக்கிச் செய்யும் பேட்டரி தொகுப்பும் ஒரே 8507 60 துணைத் தலைப்பில்தான் வருகின்றன. செல்லை இறக்குமதி செய்து தொகுப்பாகக் கட்டுபவருக்கு 6 இலக்க மாற்றம்கூடக் கிடைக்காது. ஆனால் கரகம்பாடியில் உள்ள அமர ராஜாவின் ஈய-அமில பேட்டரி வேறு கதை: ஈயம் 7801, பேட்டரி 8507. அத்தியாயமே மாறிவிடுகிறது. மேலும், உள்நாட்டில் சேகரித்த பழைய பேட்டரிக் கழிவிலிருந்து உருக்கி எடுக்கும் ஈயத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. நாட்டுக்குள் சேர்ந்த, மூலப்பொருள் மீட்புக்கு மட்டுமே பயன்படும் கழிவைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் 'முழுவதும் பெறப்பட்ட' பொருளாகவே ஏற்கின்றன.

சதவீதக் கணக்கில் மறைந்திருக்கும் ரூபாய்

மதிப்புச் சேர்ப்பு விதியை எளிய கணக்கு ஒன்றால் புரிந்துகொள்ளலாம். பின்வருபவை விளக்கத்துக்கான எண்கள் மட்டுமே. ஆலையிலிருந்து கப்பலேறும் ஏ.சி.யின் விலை 30,000 ரூபாய் என்க. 35 சதவீத விதிப்படி வெளிநாட்டுப் பாகங்கள் 19,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. விதி 40 சதவீதமாக உயர்ந்தால் வரம்பு 18,000 ரூபாய். ஆக, 1,500 ரூபாய்க்கான பாகங்களை உள்ளூரிலோ ஒப்பந்த நாட்டிலோ வாங்கியாக வேண்டும். உள்ளூர்ப் பாகம் 10 சதவீதம் கூடுதல் விலை என்றால் சுமை 150 ரூபாய். வாங்கும் நாட்டில் வரிச் சலுகை 5 சதவீதமாக இருந்தாலும் லாபம் 1,500 ரூபாய். ஆலை விதிக்கு இணங்கும். உள்ளூரில் அந்தப் பாகமே கிடைக்காமல், புதிய அச்சுவார்ப்பும் தரச் சோதனையும் தேவைப்பட்டால் கணக்கு தலைகீழாகும். ஆலை சலுகையை விட்டுவிட்டு முழு வரியைக் கட்டும்.

நாணய மதிப்பும் இதில் குறுக்கிடும். வெளிநாட்டுப் பாகங்களின் விலை 19,000 ரூபாயாக இருந்த நிலையில் டாலருக்கு எதிராக ரூபாய் 4 சதவீதம் சரிந்தால் அது 19,760 ரூபாயாகும். மதிப்புச் சேர்ப்பு 34.13 சதவீதமாக இறங்கும். யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே பொருள் தன் பிறப்பிடத்தை இழந்துவிடும். வகைப்பாட்டு மாற்ற விதிக்கு இந்த நோய் இல்லை என்பது அதன் பெரிய பலம்.

கடுமை கூடினால் உள்ளூர்ப் பங்கும் கூடுமா?

கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓரளவு வரைதான் அது உண்மை. பொருளியல் அறிஞர்கள் கீத் ஹெட், தியரி மேயர், மார்க் மெலிட்ஸ் மூவரும் இதற்கு 'லாஃபர் வளைகோடு' ஒன்றை வரைந்து காட்டினர். விதியைக் கடுமையாக்கும்போது முதலில் உள்ளூர்ப் பாகங்களின் பங்கு உயரும். ஒரு கட்டத்துக்கு மேல் நிறுவனங்கள் 'சலுகையே வேண்டாம்' என்று வரியைக் கட்டிவிட்டு மலிவான வெளிநாட்டுப் பாகங்களுக்குத் திரும்பும். உள்ளூர்ப் பங்கு குறையத் தொடங்கும். வட அமெரிக்காவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம், கார்களுக்கான வட்டார மதிப்பை 62.5 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்த்தியது. அப்போது அமெரிக்காவின் வழக்கமான கார் வரி 2.5 சதவீதம் மட்டுமே. அவ்வளவு சிறிய வரியைத் தவிர்க்க எத்தனை ஆலைகள் தம் கொள்முதல் சங்கிலியை மாற்றியமைக்கும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

பாதிப்பு இறுதிப் பொருளோடு நிற்பதும் இல்லை. பாவோலா கொன்கோனியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பழைய நாஃப்டா ஒப்பந்தத்தின் பிறப்பிட விதிகள் காரணமாக, மூன்றாம் நாடுகளிலிருந்து மெக்சிகோ வாங்கிய இடைநிலைப் பொருள்களின் இறக்குமதி கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. வரியே உயராமல், பாகம் விற்கும் வெளிநாட்டவருக்கு எதிராக ஒரு சுவர் எழும்புகிறது. அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பவருக்கு அது வாய்ப்பு. ஆசியான் ஒப்பந்தத்தில் 'திரட்டு' விதி உண்டு. இந்தியப் பாகத்தைத் தாய்லாந்து ஆலை பயன்படுத்தினால் அது ஒப்பந்த நாட்டுப் பாகமாகவே கணக்கில் சேரும். எனவே விதி கடுமையானால் ஸ்ரீசிட்டியின் பாக உற்பத்தியாளர்களுக்கு அங்கே வாடிக்கையாளர் கிடைக்கவும் கூடும். இந்தப் பக்கம் இந்திய விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு பாடம்

விதி தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா - இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், 35 சதவீத உள்நாட்டு மதிப்புச் சேர்ப்பையும் 4 இலக்க மாற்றத்தையும் கேட்டது. இந்தியப் பாகம் சேர்ந்தால் இலங்கையின் பங்கு 25 சதவீதம் இருந்தாலே போதும். இதைப் பயன்படுத்தி, இந்திய முதலீட்டாளர்கள் பலர் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளை அமைத்தனர். அங்கே பாமாயிலுக்கு வரி குறைவு, இந்தியாவில் அதிகம். பாமாயிலின் தலைப்பு 1511. வனஸ்பதியின் தலைப்பு 1516. மலேசிய, இந்தோனேசிய எண்ணெய் இலங்கையில் வனஸ்பதியாகி, வரியின்றி இந்தியா வந்தது. செம்பிலும் இதே போக்கு. இலங்கையின் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் பளபளத்தது. இந்திய ஆலைகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்ற வரம்பு வந்தது. வரி இடைவெளி சுருங்கியதும் ஆலைகள் மூடத் தொடங்கின. வரி வேறுபாட்டின் மீது கட்டப்பட்ட வேலைவாய்ப்பு, அந்த வேறுபாடு இருக்கும் வரைதான் நின்றது.

காரோட்டார் கொண்டுவந்த மாற்றம்

இந்தியா ஒப்பந்த வாசகத்தை மாற்றாமலேயே விதியை இறுக்கியது 2020இல். அந்த ஆண்டு நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவைச் சேர்த்தது. 'காரோட்டார்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிறப்பிட நிர்வாக விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் அமலாகின. ஏற்றுமதி நாட்டின் சான்றிதழைக் காட்டினால் போதும் என்ற நிலை போய், பொருள் எப்படி அந்த நாட்டின் பொருளானது என்ற தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும் என்றானது. 2025 மார்ச்சில் இந்த விதிகளில் 'பிறப்பிடச் சான்றிதழ்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'பிறப்பிட ஆதாரம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஏற்றுமதியாளரே சுயமாக அறிவிக்கும் முறையை ஏற்கும் புதிய ஒப்பந்தங்களுக்கு இது இடம் தந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள, சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடனான எஃப்டா ஒப்பந்தம் அத்தகையது.

மலேசியாவிலோ தாய்லாந்திலோ பாகம் வாங்கும் சிறு நிறுவனத்துக்குக் காரோட்டார் ஒரு தலைவலி. விற்பவர் தன் செலவுக் கணக்கைக் காட்ட மாட்டார். காட்டினால் வணிக ரகசியம் போய்விடும். காட்டாவிட்டால் வாங்குபவருக்குச் சலுகை போகும். பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்கு இது எளிது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே குழுமத்தின் இரு கிளைகளாக இருப்பார்கள். ஒரே விதி இருவர் மீதும் ஒரே எடையில் விழுவதில்லை.

தாக்கத்தை அளப்பது ஏன் கடினம்?

முதலில் பார்க்க வேண்டியது பயன்பாட்டு விகிதம்: சலுகைக்குத் தகுதியான வர்த்தகத்தில் எவ்வளவு உண்மையில் சலுகை பெற்றுச் செல்கிறது என்பது. இந்திய ஏற்றுமதியாளர்கள் ஒப்பந்தச் சலுகைகளைப் பயன்படுத்தும் விகிதம் 5 முதல் 25 சதவீதம் வரைதான் என்ற மதிப்பீட்டை நிதி ஆயோக் குறிப்பு ஒன்று எடுத்துக்காட்டியது. சலுகை வரிக்கும் வழக்கமான வரிக்கும் உள்ள இடைவெளி, இணங்குவதற்கான செலவு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டால் இந்தக் குறைந்த விகிதத்தின் காரணம் ஓரளவு புலப்படும்.

விதி மாற்றத்தின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுப்பதுதான் கடினம். ஏ.சி.யையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பரில் காரோட்டார். 2020 அக்டோபரில் குளிரூட்டும் வாயு நிரப்பிய ஏ.சி.களின் இறக்குமதிக்குத் தடை. அதே காலத்தில் பெருந்தொற்று. 2021இல் ஏ.சி., எல்.இ.டி. விளக்குகளுக்கு 6,238 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம். இதற்குப் பின் ஸ்ரீசிட்டியில் ஆலைகள் எழுந்தன. அவற்றைப் பிறப்பிட விதியின் வெற்றி என்று சொல்வது, மழையில் நனைந்த வயலுக்கு நான்தான் நீர் பாய்ச்சினேன் என்பதைப் போன்றது. முறையான ஆய்வு, விதி மாறிய சுங்கத் தலைப்புகளையும் மாறாத ஒத்த தலைப்புகளையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். சலுகை கோரி வந்த சரக்கையும் கோராமல் வந்த சரக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வர்த்தகப் பற்றாக்குறையும் நம்பகமான அளவுகோல் அன்று. ஆசியானுடனான இந்தியாவின் பற்றாக்குறை 2010-11இல் சுமார் 500 கோடி டாலர். 2022-23இல் சுமார் 4,360 கோடி டாலர். இந்த எண்ணைக் காட்டியே விதிகளை இறுக்க வேண்டும் என்று வாதிடப்படுகிறது. அதில் பாமாயிலும் நிலக்கரியும் அடக்கம். அவை மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உண்மையாகவே விளைபவை, தோண்டி எடுக்கப்படுபவை. எந்தப் பிறப்பிட விதியாலும் அவற்றைத் தடுக்க முடியாது. மூன்றாம் நாட்டுப் பொருள் சுற்றி வருகிறது என்ற ஐயம் மின்னணு, உலோகப் பொருள்களில் பொருந்தலாம். மொத்தப் பற்றாக்குறையை அதன் தலையில் கட்டுவது பொருந்தாது.

மாங்கூழுக்கு இதனால் என்ன?

மாம்பழக் கூழ் ஏற்றுமதிக்கு மத்திய அரசு அறிவித்த வேளாண் ஏற்றுமதி மண்டலங்களுள் சித்தூரும் ஒன்று. இந்தியச் சுங்க அட்டவணையில் புதிய மாம்பழமும் மாங்கூழும் ஒரே 0804 50 துணைத் தலைப்பில் அமைந்துள்ளன. பழத்தை வாங்கிக் கூழாக்கினால் 6 இலக்கம்கூட மாறாது. இருந்தும் சித்தூர் ஆலைகளுக்கு அது கவலை அன்று, பழம் இந்திய மண்ணில் விளைந்ததால். கிருஷ்ணகிரிப் பழமானாலும் கோலார்ப் பழமானாலும் ஒப்பந்தத்தின் கண்ணில் அது இந்தியப் பழமே. மாவட்ட எல்லையில் நிறுத்தப்பட்ட லாரிக்கு, துறைமுகத்தில் தடை இருந்திராது.

எனவே கூழுக்கு விதியின் கடுமை பெரிய பொருட்டன்று. சலுகையின் அளவும் சான்று பெறும் எளிமையுமே பொருட்டு. வளைகுடா நாடுகளில் பெரும்பாலான பொருள்களுக்கு வழக்கமான வரியே 5 சதவீதம்தான். இந்தியா - ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் அமலில் உள்ளது. முக்கியச் சந்தையான சவூதி அரேபியாவுடன் அத்தகைய ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சலுகைத் திட்டத்தில் 2017 முதல் 'ரெக்ஸ்' பதிவு பெற்ற ஏற்றுமதியாளர் தாமே பிறப்பிட அறிக்கை தரலாம். 6,000 யூரோ வரையிலான சரக்குக்குப் பதிவும் தேவையில்லை. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தமும் சுய அறிவிப்பை ஏற்கிறது. ஆலைக்கு இது மிச்சம். அந்த மிச்சம் தோப்புக்காரரின் கைக்கு வருமா என்பது பேரம் பேசும் வலுவைப் பொறுத்தது. கூழ் கிடங்கில் தேங்கிய ஆண்டில் ஆலை குறைவாகவே வாங்கும். தோத்தாபுரி பெரும்பாலும் கூழுக்கே போகும் பழம் என்பதால் விவசாயிக்கு மாற்றுச் சந்தையும் குறுகியது. 2025இல் கிலோ 12 ரூபாயை உறுதி செய்ய அரசு தலையிட வேண்டியிருந்ததற்கும் பிறப்பிட விதிக்கும் தொடர்பில்லை.

அடுத்து என்ன?

ஆசியான் ஒப்பந்தத்தின் மறுஆய்வில், எல்லாப் பொருளுக்கும் ஒரே பொது விதி என்பதற்குப் பதிலாகப் பொருள்வாரியான விதிகளை இந்தியா கோரி வருகிறது. ஏ.சி., பேட்டரி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு அவ்விதி எந்த இலக்கத்தில் அமையும் என்பது ஸ்ரீசிட்டிக்கும் ரேணிகுண்டா மின்னணுத் தொகுப்புக்கும் நேரடிப் பொருள் உடையது. விதியை யாரும் தொடாவிட்டாலும் வகைப்பாடு மாறினால் முடிவு மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் வகைப்பாட்டுத் திருத்தம் தட்டைத்திரைப் பலகைகளுக்கு 8524 என்ற தனித் தலைப்பை உருவாக்கியது. தொலைக்காட்சிப் பெட்டி 8528இல் இருப்பதால், திரையை வரவழைத்துப் பெட்டி செய்பவரின் கணக்கை அத்தலைப்பைக் கொண்டே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த திருத்தம் 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் நடைமுறையில் உள்ள ஒவ்வோர் ஒப்பந்தத்தின் பொருள்வாரிப் பட்டியலையும் புதிய எண்களுக்கு ஏற்ப மாற்றி எழுதியாக வேண்டும்.